அமைதிப் பாதைகளின் சமூக வரலாறு: ஓவேர்ன் எரிமலைப் பிரதேசத்தில் துவிச்சக்கரவண்டிப் பயணம் பற்றிய ஒரு நோக்கு

பயண எழுத்துக்களிலே 'அமைதி' என்னும் சொல் பெரும்பாலும் இயற்கையின் கொடையாகவே எடுத்தாளப்படுகிறது. மலையும் காடும் புல்வெளியும் உள்ள இடத்தில் அமைதி தானாகவே குடிகொண்டிருக்கும் என்பது அவ்வெழுத்துக்களின் உட்கிடை. நடுப்பிரான்சின் மேட்டுநிலத்திலே அமைந்த ஓவேர்ன் எரிமலைப் பிரதேசமும் இவ்வாறே வருணிக்கப்பட்டு வருகிறது. மோட்டார் வாகனங்கள் அருகி, ஒடுங்கி வளைந்து செல்லும் அதன் வீதிகள் துவிச்சக்கரவண்டிப் பயணிகளின் பெருவிருப்புக்குரியன. இவ்வீதிகளை யார், எத்தேவை கருதி அமைத்தனர்? இன்று அவை வெறுமையாகக் கிடப்பது ஏன்? இவ்விரு வினாக்களையும் எழுப்பி, பாதைகளின் இயல்பையும் அவற்றின் அமைதிக்கான காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். வடக்கே, கிளேர்மோன்-ஃபெரான் நகருக்கு மேற்கில், ஏறத்தாழ எண்பது எரிமலைகள் வடக்குத் தெற்காக நிரல்பட நிற்கின்றன. இவற்றுள் உயர்ந்தது 1465 மீற்றர் உயரமுடைய புய் டி டோம். இம்மலைகள் எரிமலைகளே என்பதை 1750களின் தொடக்கத்தில் குவெத்தார் என்னும் அறிஞர் இனங்கண்டு கூறினார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1648இல், பஸ்காலின் வேண்டுகோட்படி அவருடைய மைத்துனர் பெரியே இதே மலையிலேறி, உயரஞ் செல்லச் செல்ல வளியமுக்கம் குறைவதைப் பாதரசக் குழாய் கொண்டு காட்டியிருந்தார். தெற்கே சென்றால் சான்சி மலைத்தொகுதி. அதன் உச்சியே மேட்டுநிலம் முழுவதற்கும் மிக உயர்ந்த இடமாகும். அதற்கும் தெற்கே செசலியே என்னும் எரிமலைக்குழம்புப் பீடபூமியும், அப்பால் கந்தால் மலைத்தொகுதியும் உள்ளன.

கந்தால் மலைத்தொகுதி முழுவதும் ஒரே பேரெரிமலையின் எச்சமாகும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். எரிமலை அடங்கிய பின்னர் பனியாறுகள் அதனை அரித்தன. அதன் விளைவாக, நடுவிலுள்ள புய் மரிச் சிகரப் பகுதியிலிருந்து சக்கரத்தின் ஆரைகள் போலப் பள்ளத்தாக்குகள் எல்லாத் திசைகளிலும் பிரிந்து செல்கின்றன. வண்டியோட்டுபவருக்கு இதன் பொருள் தெளிவானது. ஒரு பள்ளத்தாக்கின் வழியே மெல்ல ஏறிக் கணவாயைக் கடந்து, வேறொரு பள்ளத்தாக்கின் வழியே இறங்கலாம். ஏறிய வழியே திரும்ப வேண்டியதில்லை.

2

வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் ஒரு பாதையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிளேர்மோனிலிருந்து மேற்கே மலைவிளிம்பில் ஏறி ஓர்சிவால், கெரிக் கணவாய் வழியாக மோன்-டோர் என்னும் வெந்நீரூற்று நகரை அடைவது முதற்கட்டம். அங்கிருந்து 1451 மீற்றர் உயரத்திலுள்ள குருவா-சான்-ரொபேர் கணவாயைக் கடந்து பெஸ் என்னும் கருங்கல் ஊருக்கு இறங்குவது இரண்டாவது கட்டம். பெஸ்ஸிலிருந்து அலான்ஷ் வழியாக முரா வரை செசலியே பீடபூமியைக் கடப்பது மூன்றாவது. இப்பகுதியில் மரங்கள் அரிது, காற்று வலிது, மனிதரைக் காட்டிலும் மாடுகளே மிகுதி. முராவிலிருந்து டியென் வழியாக 1588 மீற்றர் உயரமுள்ள பா டி பெய்ரோல் கணவாய்க்கு ஏறுவது நான்காவது. மேட்டுநிலத்தின் மிக உயர்ந்த வீதிக்கணவாய் இதுவே. இறுதியேற்றத்தின் சில இடங்களில் சாய்வு நூற்றுக்குப் பத்தைத் தாண்டும். உச்சியில் வழி பிரிகிறது. மேற்கே நெரொன் கணவாய் வழியாகச் சலேர்ஸ் நகருக்கும், தெற்கே மண்டாய்க் கிராமத்தைக் கடந்து ஷோர்தான் ஆற்றின் வழியே ஓரியாக் நகருக்கும் இறங்கலாம்.

குளிர்காலத்திற் பனி மூடுவதால் அக்கணவாய் அடைக்கப்படும். யூலை, ஓகஸ்ற் மாதங்களிலோ உல்லாசப் பயணிகளின் மோட்டார் வாகனங்கள் புய் மரியைச் சூழ்ந்துவிடும். ஆதலால் யூன், செப்ரெம்பர் மாதங்களே உகந்தவை. மிஷலின் நிறுவனத்தின் வீதி வரைபடங்களிலே பெருவீதிகள் சிவப்பாலும், அடுத்தவை மஞ்சளாலும், சிறுவீதிகள் வெள்ளையாலும் குறிக்கப்பட்டிருக்கும். அமைதியை நாடுவோர் வெள்ளைக் கோடுகளைப் பின்பற்றுவர். இனி நாம் ஆராயவேண்டியது இவ்வெள்ளைக் கோடுகளின் வரலாற்றையே.

3

இச்சிறுவீதிகள் உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டவையல்ல. அவற்றுட் பெரும்பாலானவை 1836ஆம் ஆண்டு மே மாதம் இயற்றப்பட்ட கிராம வீதிச் சட்டத்தின் பின்னர் உருப்பெற்றவை. அச்சட்டத்தின்படி பதினெட்டு வயது முதல் அறுபது வயது வரையான ஆண்களிடமிருந்து ஆண்டிற்கு மூன்று நாள் வரை வீதி வேலை கோரப்படலாம். வண்டியும் உழவு மாடும் வைத்திருந்தோர் அவற்றையும் கொண்டுவர வேண்டும். பணமுள்ளவர் பணத்தைக் கட்டி விலகிக்கொள்ள, பணமில்லாதவர் கல் சுமந்தனர். முடியாட்சிக் காலத்துக் கட்டாய வீதியூழியம் புரட்சியோடு ஒழிந்தது என்பர். அதன் சாயல் குடியானவனின் முதுகை விட்டு முற்றாக நீங்கவில்லை என்பதற்கு இச்சட்டம் சான்றாகும்.

மலைச்சரிவுகளில் ஆங்காங்கே கூரையிழந்து நிற்கும் கற்குடில்களும் இவ்வுழைப்பு வரலாற்றின் பகுதியே. 'புரோன்' எனப்படும் இக்குடில்களிலே, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆண்கள் கோடை முழுவதும் தங்கிப் பால் கறந்து பாற்கட்டி செய்தனர். மே மாதத்தில் மந்தைகளுடன் ஏறியவர்கள் ஒக்ரோபரிலேயே இறங்குவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநேகமாக எல்லாக் குடில்களும் கைவிடப்பட்டன. இன்றைய பயணி ஒளிப்படம் எடுப்பதற்காக வண்டியை நிறுத்தும் இடம், ஒரு காலத்திற் கூலியுழைப்பின் களமாக இருந்தது.

4

மக்கள் எங்கே போயினர்? கந்தால் மாவட்டத்தின் சனத்தொகை 1836இல் ஏறத்தாழ 2,60,000. இன்று அது ஏறக்குறைய 1,45,000. பிரான்சின் மொத்தச் சனத்தொகை இரு மடங்காகிய காலத்திலே இம்மாவட்டம் தன் மக்களிற் பெரும்பகுதியை இழந்தது. குளிர்காலத்தில் மட்டும் வேலை தேடி இறங்கும் வழக்கம் முன்பே இருந்தது. 1860களில் ஓரியாக் நகருக்குப் புகையிரதம் வந்தபின் அப்போக்கு நிரந்தரக் குடிபெயர்வாக வளர்ந்தது. மலைவாசிகள் பாரிசிலே தண்ணீர் சுமந்தனர். விறகும் நிலக்கரியும் விற்றனர். அவர்களுட் சிலர் நாளடைவில் மதுக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உடைமையாளராயினர். 'பூஞா' என்று பாரிஸ்வாசிகள் அவர்களைப் பரிகாசமாக அழைத்தனர்.

இலக்கியமும் இவ்வுறவை ஒருதலையாகவே பதிவு செய்தது. 1913இல் வெளிவந்த ஷூல் ரொமான் எழுதிய 'தோழர்கள்' என்னும் நாவலிலே, பாரிசிலுள்ள நண்பர் குழுவொன்று வரைபடத்தைப் பார்த்து ஓவேர்னின் இரு சிறுநகர்களைத் தெரிந்தெடுத்து அவற்றைக் கேலிக்குள்ளாக்கப் புறப்படுகிறது. அவர்களுள் இருவர் துவிச்சக்கரவண்டியிற் செல்கின்றனர். நகரத்தின் வேடிக்கைக்காகச் சிலர் மலையேறிய அதே காலத்தில், வயிற்றுப்பாட்டுக்காகப் பலர் மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தனர். நாவல் முதலாவது பயணத்தையே கதையாக்கியது.

அமைதிக்கு அண்மைக்காலக் காரணம் ஒன்றும் உண்டு. கிளேர்மோனிலிருந்து தெற்கே செல்லும் விரைவுவீதி அமைக்கப்பட்டதும் நீண்டதூர வாகனங்கள் பழைய தேசிய வீதியைக் கைவிட்டன. அவ்வீதி மாவட்ட வீதியாகத் தரமிறங்கியது. அதனால் வண்டியோட்டுபவருக்கு நன்மை விளைந்தது. வீதியோரச் சிற்றுண்டிச்சாலைக்காரர் பிழைப்பை இழந்தனர்.

5

துவிச்சக்கரவண்டியும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பதன்று. எளிதிற் கழற்றி மாட்டத்தக்க காற்றடைத்த ரயரை 1891இல் அறிமுகஞ் செய்தவர்கள் கிளேர்மோனைச் சேர்ந்த மிஷலின் சகோதரர்களே. அவ்வாண்டு நடைபெற்ற பாரிஸ்-பிறெஸ்ற்-பாரிஸ் போட்டியில் வென்ற ரெரோன் அந்த ரயர்களையே பயன்படுத்தினார். பின்னர் அந்நிறுவனம் நாட்டின் சந்திகளிலே நாட்டிய வழிகாட்டிக் கற்கள், இதே பிரதேசத்து வொல்விக் எரிமலைக்கல்லின் மீது எனாமல் பூசிச் செய்யப்பட்டவை.

கல் உள்ளூரிற் கிடைத்தது, இறப்பர் கிடைக்கவில்லை. 1920களில் அந்நிறுவனம் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாகிய வியட்நாமின் தென்பகுதியிலே இறப்பர்ப் பெருந்தோட்டங்களை அமைத்தது. அங்குள்ள செம்மண்ணும் எரிமலைப் பாறை சிதைந்து உண்டானதே. வடக்கிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1930 பெப்ரவரியில் பூ ரியெங் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதனை முன்னின்று நடத்திய திரான் து பின் தமது அனுபவங்களைப் பின்னாளில் நூலாக்கினார். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை அறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓர் எரிமலை நிலத்தின் அமைதியான வீதியிலே உருண்ட சக்கரம், மற்றோர் எரிமலை நிலத்தின் வியர்வையையும் தன்னுட் கொண்டிருந்தது.

6

இவ்வாறு கூறுவதால் ஓய்வுப் பயணத்தை நாம் இழித்துரைக்கவில்லை. ஓய்வும் உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற உரிமையே. 1936 மே, யூன் மாதங்களில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தங்களின் பின்னர் மக்கள் முன்னணி அரசாங்கம் ஆண்டிற்கு இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கியது. அக்கோடையிலே துவிச்சக்கரவண்டியிலும் இருவர் மிதிக்கும் வண்டியிலும் தொழிலாளர் நாட்டைக் காணப் புறப்பட்டனர். அதுவரை வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்த நிலக்காட்சி பொதுச்சொத்தாயிற்று.

அப்பொதுமை இன்று எந்நிலையிலுள்ளது என்பதைப் புய் டி டோம் உணர்த்துகிறது. 1907இல் அம்மலைமீது நீராவித் திராம் ஓடியது. 1926 முதல் அதன் தடத்தில் வீதி அமைந்தது. 1952இல் பிரான்ஸ் சுற்றுப்போட்டி முதன்முறையாக அங்கு முடிவடைந்தது. 1964இல் அங்கெத்திலும் பூலிடோரும் தோளோடு தோள் முட்டி ஏறினர். இத்தகைய போட்டிகளைக் காவியமென்றே 1957இல் ரோலன் பார்த் ஆராய்ந்தார். 2012இல் பற்சக்கரப் புகையிரதம் ஓடத் தொடங்கியபின் அவ்வீதி சாதாரண வண்டியோட்டுபவருக்கு மூடப்பட்டது. கட்டணஞ் செலுத்திப் புகையிரதத்தில் ஏறலாம், அல்லது நடந்து ஏறலாம். 2023இல் சுற்றுப்போட்டி மீண்டும் அங்கு வந்தபோது இறுதி நான்கு கிலோமீற்றரில் பார்வையாளர்க்கே இடமளிக்கப்படவில்லை. சூழலைக் காக்க வேண்டுமென்ற நியாயம் மறுக்கத்தக்கதன்று. எனினும், 2018இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மலையொன்றின் வீதியில், தன் கால்வலிமையால் ஏற விரும்புபவனுக்கு இடமில்லை என்பது சிந்தனைக்குரியது.

தொகுத்து நோக்குமிடத்து, ஓவேர்ன் பாதைகளின் அமைதி மூன்று நிகழ்வுகளின் விளைவெனலாம்: கூலியின்றிக் கல் சுமந்தோரின் உழைப்பு, பிழைப்புத் தேடி இறங்கியோரின் குடிபெயர்வு, விரைவுவீதிகள் ஏற்படுத்திய ஒதுக்கம். துவிச்சக்கரவண்டி மெதுவாகச் செல்வது. அடைக்கப்பட்ட பாடசாலையையும் கூரையிழந்த குடிலையும் கண்டு நின்று செல்ல அது இடந்தருகிறது. அவ்வாறு நின்று, அங்கு வாழ்ந்தோர் எங்கே சென்றனர் என வினவும் பயணியே அந்நிலத்தை உண்மையாகக் கண்டவனாவான்.