ஊர் ஏன் அவ்வளவு நாள் காத்திருந்தது?

பழைய படம்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்' பற்றித்தான் எழுதுகிறேன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, இயக்குநர் மகேந்திரன் தன் போக்கில் பண்ணிய படம்.

அதில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலு, ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிற பெரிய மனுஷன். நம்பியார் மாதிரி உறுமவோ, கண்ணை உருட்டவோ மாட்டான். நிதானமாகத்தான் பேசுவான். நோயாளி மனைவி லட்சுமி (அஸ்வினி) உயிரோடு இருக்கும்போதே, அவள் தங்கை செண்பகத்தைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்லி மாமனாரிடம் கேட்பான். நடக்கவில்லை என்றதும் லட்சுமி மேலேயே சந்தேகப்பட்டு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அவள் அங்கேயே செத்தும் போகிறாள்.

போன மாதம் டி.வி.யில் போட்டபோது எங்க தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னார்: "அடிச்சாலாச்சும் தடிப்புத் தெரியும், நாலு பேரு கேப்பாக. பேச்சுக்குத் தடிப்பு ஏதுத்தா?"

கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குக் கொண்டுபோகும்போது சின்னப் பெண்கள் "நல்லா வேணும்" என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. லட்சுமி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபோது இதே ஊர்தானே பார்த்துக்கொண்டிருந்தது? செண்பகத்தை அவன் அவமானப்படுத்திய பிறகுதான் அத்தனை பேருக்கும் ரோஷம் வருகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே என்கிற பொருளில் அவன் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறான். கரையில் நிற்பவை இரண்டு பிள்ளைகள். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. படத்தின் பெயர் அதுகளுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

லட்சுமி காலத்தில் போய்ச் சொல்லவும் இடமில்லை. மனரீதியான கொடுமையையும் குற்றமாகச் சொன்ன 498-ஏ பிரிவு 1983-ல்தான் வந்தது. தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-ல். ஏச்சும் இழிவாகப் பேசுவதும்கூடக் குடும்ப வன்முறைதான் என்று தெளிவாகச் சொன்ன சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 181-க்கு போன் போட்டால் போதும்.

ஆனால் ஊர் வாய் மாறவில்லையே! எங்க தெருவில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்து எட்டு மாசமாகிறது. ஊர் அதற்கு வைத்திருக்கிற பேர் உங்களுக்கே தெரியும். வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ரெண்டே கேள்வி: "அடிச்சாரா? குடிப்பாரா?" இல்லை என்றால், "பின்னே என்னத்துக்கு வந்தே?"

படம் பார்த்த மறுநாள் அவளிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னேன். "அங்கேயும் அடிச்சாரான்னுதான் மொதல்ல கேப்பாகளாக்கா?" என்றாள். பேச்சால் நோகடித்தாலே புகார் கொடுக்கலாம் என்றேன். வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டை சமூக நல அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப்போகிறோம். கூட நானும் போகிறேன். பிள்ளைகளை என் மாமியார் பார்த்துக்கொள்வார்.

– ஒரு வாசகி, வல்லத்திராக்கோட்டை