உணவுக்குழாய் வாசலில் ஒரு 'பை': கழுத்தைக் கீறாமல் சரிசெய்வது எப்படி?

காலையில் சாப்பிட்ட இட்லி, மதியம் அப்படியே வாய்க்குத் திரும்பி வருகிறது. "வயசாச்சு, அதான்"னு தாத்தா சொல்லிடுவார். ஆனால் அது 'ஸெங்கர் பை'யாக இருக்கலாம். 1877இல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயர் அது.

உணவுக்குழாயின் வாசலில் ஒரு தசை உண்டு. விழுங்கும்போது அது சரியாகத் திறக்காவிட்டால், அதற்குச் சற்று மேலே தொண்டையின் பின்சுவர் பைபோல் பிதுங்கும். சாப்பாடு அதில் தேங்கும். வாய் நாறும், இருமல் வரும். தேங்கியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் பை தெரிந்துவிடும்.

கழுத்தைக் கீறாத சிகிச்சையில் பையை வெட்டி எடுப்பதில்லை! வாய்வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் உள்ள சுவரை வெட்டுகிறார்கள். அந்தப் பிடிவாதத் தசை இருப்பதே அந்தச் சுவரில்தான். பிறகு சாப்பாடு தேங்காமல் இறங்கும். கழுத்தில் தழும்பும் இல்லை.

சிலருக்குப் பிரச்சினை மீண்டும் வரலாம். அப்போது திரும்பவும் அதேபோல் செய்ய முடியும்.