நிபந்தனைக்குட்பட்ட நிதி

நிபந்தனைக்குட்பட்ட நிதி என்பது, குறிப்பிட்ட விதிகளை நிறைவேற்றினால் மட்டுமே வழங்கப்படும் கடன் அல்லது மானியம் ஆகும். கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் விதியை மீறினால் இரண்டிலும் அடுத்த தவணை நின்றுவிடக்கூடும்.

பன்னாட்டுக் கடன்

1991-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இந்தியா பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் பெற்றது. அவ்வாண்டு ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 2023 மார்ச்சில் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் ஒப்புதல் பெற்றது. வரி வருவாயை உயர்த்துவதும், மின்கட்டணத்தை உற்பத்திச் செலவுக்கு ஏற்ப நிர்ணயிப்பதும் அதன் நிபந்தனைகளில் அடங்கும்.

உள்ளாட்சி மானியம்

இதே முறை உள்நாட்டிலும் உண்டு. பதினைந்தாவது நிதி ஆணையம் (2021–26) நகர்ப்புற உள்ளாட்சிகளின் மானியத்துக்கு இரு முக்கிய நிபந்தனைகளை விதித்தது. ஒன்று, ஆண்டுக் கணக்குகளை இணையத்தில் வெளியிட வேண்டும். மற்றொன்று, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்த வேண்டும். பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களில், மானியத்தின் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்றும் அது கூறியது.

திண்டுக்கல்லில்

1866-இல் நகராட்சியாகி, 2014-இல் மாநகராட்சியான திண்டுக்கல் இந்தப் பிரிவில் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 2,07,327. 2016-இல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை அங்குத் தேர்தல் நடைபெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் பதினான்காவது நிதி ஆணைய மானியம் கிடைக்கும் என்பதால், தமிழ்நாட்டுக்கு அது நிறுத்தி வைக்கப்பட்டது.

புதிய உறுப்பினர்கள் பதவியேற்ற மறுமாதமே, 2022 ஏப்ரலில், மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. நிதி ஆணைய நிபந்தனையும் காரணமாகக் கூறப்பட்டது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வீடுகளுக்கான உயர்வு:

600 சதுர அடி வரை – 25%
601–1200 சதுர அடி – 50%
1201–1800 சதுர அடி – 75%
1800 சதுர அடிக்கு மேல் – 100%

எடுத்துக்காட்டாக, 1500 சதுர அடி வீட்டுக்கு 1000 ரூபாய் கட்டியவர் அந்த உயர்வுக்குப் பின் 1750 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது.

சாதக பாதகங்கள்

சொந்த வருவாய் இல்லாத மாநகராட்சியால் சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் பராமரிக்க இயலாது. வெளியிடப்பட்ட கணக்கை எந்தக் குடிமகனும் சரிபார்க்கலாம் என்பவை ஆதரவு வாதங்கள். விதியை வகுப்பவர் ஓரிடத்தில் இருக்க, வரி கட்டுபவரின் கேள்விக்கு வட்டார உறுப்பினரே பதில் சொல்ல வேண்டியுள்ளது என்பது எதிர்வாதம். வரியுடன் வாடகையும் உயர்ந்தால், சொந்த வீடு இல்லாதவரும் அச்சுமையை ஏற்க நேரும்.