உறக்கத்திற் பற்கடித்தல்

வீட்டார் அனைவரும் ஆழ்ந்து உறங்கும் நள்ளிரவில், பாயிற் படுத்திருக்கும் சிறுவன் ஒருவனிடமிருந்து ‘நறநற’ என்னும் ஒலி எழுகின்றது. அருகிற் படுத்திருக்கும் தமக்கை அதனைக் கேட்டு விழித்துக்கொள்கின்றாள். ஒலி எழுப்பியவனோ ஒன்றும் அறியாது உறங்குகின்றான். விடிந்ததும், “இராமுழுவதும் பல்லைக் கடித்தாயே, தம்பி!” என்று அவள் கூறினால், “நானா? இல்லவே இல்லை, அக்கா!” என்று மறுக்கின்றான். அவன் பொய் கூறவில்லை. உறக்கத்திற் பற்கடிப்போர் தம் செயலைப் பெரும்பாலும் தாமே அறியார். பிறர் சொல்லியே அறிவர். ஆதலின், அவர்களை எள்ளி நகையாடுதல் தகாது.

இதற்குக் காரணம் யாது? வயிற்றிற் பூச்சி இருப்பதே காரணம் என்று கூறிப் பேதிமருந்து கொடுத்தல் நம் நாட்டுப் பழைய வழக்கம். பூச்சி இருப்பின் அதற்கு மருந்து உண்ண வேண்டுவதுதான். ஆனால், பற்கடித்தல் ஒன்றையே சான்றாகக் கொண்டு பூச்சி உண்டென்று துணிதல் பொருந்தாது. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சரிவரப் பொருந்தாமையே காரணம் என்று பல் மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணினர். அக்கருத்தும் இன்று வலுவிழந்துவிட்டது. உறங்குவோரின் மூளையலைகள், இதயத் துடிப்பு, தாடைத் தசைகளின் அசைவு ஆகியவற்றைக் கருவிகளால் இரவு முழுவதும் பதிவு செய்து அறிஞர் ஆராய்ந்தனர். உறக்கத்தின் இடையே மூளை சில நொடிகள் மட்டும் சற்றே விழிப்புறுகின்றது; இதயத் துடிப்பு விரைவடைகின்றது; அதன் பின்னரே தாடைத் தசைகள் இறுகிப் பற்கள் உராய்கின்றன. தொடக்கம் மூளையில் இருப்பது இதனாற் புலனாயிற்று. மனக்கவலை, இரவில் அருந்தும் காப்பி, புகையிலை, மது, சிலவகை மருந்துகள், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியன இதனை மிகுவிக்கும்.

துன்பத்தைப் பொறுத்திருப்பவனைப் ‘பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கின்றான்’ என்பது தமிழ் வழக்கு. அவ்வாறு பகலில் கடிப்பவன் வலித்தால் நிறுத்திக்கொள்வான். உறங்குபவனுக்கு அத்தடை இல்லை. ஆகவே, அவன் பற்களின்மீது விழும் அழுத்தம் சோறு மெல்லும்போது விழுவதினும் மிகுதியாக இருத்தல் கூடும்.

பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமல், மனித உடலிலுள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது. எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் மீண்டும் வளரும். எனாமலோ தேய்ந்தால் தேய்ந்ததே. அதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமல் தேய்ந்த இடத்தில், அதனினும் மென்மையான டென்டின் மஞ்சள் நிறத்தோடு வெளிப்படுகின்றது. பின்னர்க் குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும். சிலருக்குப் பல் வெடிப்பதும் உண்டு. காலையில் தாடை நோவும், நெற்றிப்பொட்டில் வலியும் தோன்றும்.

சிறுவர்க்குப் பெரும்பாலும் வளர வளர இப்பழக்கம் தானே குறைந்துவிடும். பாற்பற்களும் விழுந்து புதியன முளைக்கும். பெரியோர்க்கே பற்காப்பு வேண்டப்படுகின்றது. இதனை ‘நைட் கார்டு’ என்பர். மருத்துவர் பற்களுக்கு அளவெடுத்து, அந்த அச்சில் சாந்து வார்த்து, அம்மாதிரியின்மேல் அக்ரிலிக்கினால் மெல்லிய உறை ஒன்றைச் செய்விப்பார். பெரும்பாலும் மேல்வரிசைக்கே அது பொருத்தப்படும். அவ்வரிசைப் பற்கள் அனைத்தையும் அது மூடுதல் வேண்டும். சில பற்களை மட்டும் மூடினால், எஞ்சியவை நாளடைவில் இடம் பெயர்ந்துவிடும்.

இக்காப்பு பற்கடித்தலை நிறுத்தும் என்று எண்ணுதல் தவறு. அணிந்தவரும் கடிப்பர், ஆனால், பல்லுக்கு மாறாகக் காப்பே தேயும். முதற் சில இரவுகளில் வாயில் எச்சில் மிகுதியாக ஊறும், பேச்சும் குழறும். இதனைப் பொறாது பலர் மூன்றாம் நாளே அதனைப் பெட்டியிற் போட்டுவிடுகின்றனர். சில நாட்கள் பொறுத்தால் பழகிவிடும். காலையில் அதனைக் குளிர்ந்த நீரில் மெல்லிய தூரிகையாற் கழுவி வைத்தல் வேண்டும். வெந்நீர் பட்டால் அதன் வடிவம் கெடும். நெடுநாள் அணிந்த காப்பில் கோடுகளும் பள்ளங்களும் காணப்படும். அவை யாவும் பல்லில் விழ இருந்தவை. பள்ளம் மிகுந்ததும் மருத்துவரிடம் காட்டிப் புதியது செய்துகொள்வர்.