நெல்லிவாசல்நாட்டுக் கற்கோடரிகள்: நிலவியல் நோக்கு

முன்னுரை

திருப்பத்தூர் மாவட்டத்தின் சவ்வாது மலைப்பகுதியில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலைநாடுகள் அமைந்துள்ளன. இம்மலைப்பகுதி ஊர்களில் புதிய கற்காலக் கற்கோடரிகள் கோயில்களிலும் மரத்தடிகளிலும் வழிபடுபொருள்களாக உள்ளன. அவற்றைத் தொல்லியல் சான்றாகக் கொள்வதற்கு நிலவியல் எவ்வாறு துணைபுரியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் கல்லும்

கிழக்குத்தொடர்ச்சி மலையைச் சார்ந்த சவ்வாது மலை, சார்னோக்கைட், நைஸ் முதலிய மிகப் பழைய பாறைகளால் ஆனது. பருமணிகளைக் கொண்ட இப்பாறைகள் கூரிய வெட்டுமுனை அமைக்க ஏற்றவை அல்ல. பிளவுகளில் ஊடுருவி இறுகிய கருநிற டோலரைட், நுண்மணிகளும் உறுதியும் உடையது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் இத்தகைய கல்லையே பெரிதும் தேர்ந்து, செதுக்கி, கொத்தி, தேய்த்து, மெருகேற்றிக் கோடரியாக்கினர்.

சமவெளிச் சான்று

மலையடிவாரத்திற்கு அப்பால் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நிகழ்த்தியது. அங்குக் கற்கோடரிகளுடன் சாம்பல்நிற மட்கலங்கள், குழிவீடுகள், கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவை வெளிப்பட்டன. பயிரிட்டு நிலையாக வாழ்ந்த சமூகத்தை இவை காட்டுகின்றன. வழிபாட்டிலுள்ள மலைக்கோடரிகளுக்கு இத்தகைய மண்ணடுக்குச் சான்று இல்லை. மக்களின் பற்று அவற்றைக் காத்துள்ளது; அவை கிடைத்த நிலமோ மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளது.

முடிவுரை

எனவே, கோடரிகளை இடம்பெயர்க்காமல் அவற்றின் கல்வகையை அருகிலுள்ள டோலரைட் பாறைகளுடன் ஒப்பிடுதல் வேண்டும். அவை கிடைத்த நிலங்களை மூத்தோரிடம் கேட்டறிந்து வரைபடத்தில் குறித்தல் வேண்டும். அகழாய்வுக்குரிய வாழ்விடங்களைக் கண்டறிய அக்குறிப்புகளே முதல் வழியாகும். இப்பணி இத்தலைமுறையிலேயே நிகழ வேண்டும்.