மதில் இல்லாத கோட்டை: பழவேற்காட்டுக்குப் போய் வந்தோம்

கோட்டை பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், செஞ்சி, வேலூர், தரங்கம்பாடி என்றுதான் உடனே பட்டியல் போடுவோம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கடலும் ஏரியும் கைகோத்து நிற்கிற இடத்தில், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்த கோட்டையூர் ஒன்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது? பழவேற்காடு என்றால் நமக்கெல்லாம் நண்டும் இறாலும்தான்!

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வீட்டில், எல்லோரும் சேர்ந்தாற்போல ஒரு முழு நாள் கிடைப்பதே அபூர்வம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படிக் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமியார், கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன் எல்லோருமாகக் கிளம்பினோம். மின்சார ரயிலில் கவரப்பேட்டை தாண்டி பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். முக்கால் மணி நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சென்னையிலிருந்து வருகிறவர்களும் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து இதே பொன்னேரியில்தான் இறங்க வேண்டும்.

கோட்டை எங்கே?

"அம்மா, கோட்டை எங்கேம்மா?" என்றுதான் மகள் முதலில் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே மதில் இல்லை. கொத்தளம் இல்லை. பீரங்கி இல்லை. முள்ளும் புதரும் மண்டிய மேடு, அதைச் சுற்றி அகழி இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் தண்ணீர், ஆங்காங்கே தலைகாட்டும் செங்கல். கெல்ட்ரியா கோட்டை என்பது இன்று இவ்வளவுதான்.

ஆனால் கதை தெரிந்தால் அந்த மேடே பேசும். கதை இதுதான்.

1602-ல் ஹாலந்து தேசத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்பட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கிராம்பும் ஜாதிக்காயும். நம் அஞ்சறைப் பெட்டியில் அலட்சியமாகக் கிடக்கிற அதே சாமான்கள்தான்! அவை அன்று விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்களோ வெள்ளிக் காசைக் காட்டினால் மயங்குகிறவர்கள் இல்லை. அவர்கள் ஆசைப்பட்டது நம் சோழமண்டலக் கரையில் நெய்த வண்ணத் துணிகளை. ஆகவே, துணி வாங்க இங்கே ஒரு இடம் வேண்டும் என்று கம்பெனி தேடியது. 1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று, பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கு இது பொறுக்குமா? 1612-ல் வந்து தாக்கினார்கள். அதற்குப் பிறகுதான், 1613-ல், கோட்டை எழுந்தது. அப்போது இங்கே தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்ச்செம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதன் பெயரையே கோட்டைக்கு வைத்துவிட்டார்.

பழவேற்காடு என்ற பெயர் டச்சுக்காரர் வாயில் நுழையாமல் 'பாலியகட்டா' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'புலிகாட்' ஆயிற்று. இந்த ஊர்க் கட்டம் போட்ட கைக்குட்டை ஐரோப்பாவில் அவ்வளவு பிரசித்தம். 'புலிகாட்' என்றாலே ஒருவகைக் கைக்குட்டை என்று ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நெசவாளர்கள்கூட அதைப் பார்த்துத் தாங்களும் நெய்து, அதே பெயரில் விற்றார்கள்!

காலியில் நிற்கிறது, இங்கே இல்லை

இலங்கையின் தென்கோடியில் காலி என்ற ஊர் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில், மைதானத்துக்குப் பின்னால் பெரிய கோட்டை மதில் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மதிலைப் பெரிதாகக் கட்டியதும் இதே டச்சுக் கம்பெனிதான். அதற்குள்ளே இன்றும் வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று ஒரு ஊரே குடியிருக்கிறது. 1988-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004 சுனாமியில் வெளியே காலி நகரம் நாசமானபோது, மதிலுக்குள் இருந்த பழைய ஊர் பெரும்பாலும் தப்பித்தது.

பழவேற்காட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1690 வாக்கில் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1795-ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். நடுவில் ஒருமுறை ஊர் டச்சுக்காரர் கைக்குத் திரும்பிப் போய், 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயருக்கு வந்து சேர்ந்தது.

கல்லில் இருக்கிற எலும்புக்கூடுகள்

கோட்டை போனாலும் கல்லறைகள் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றோடு மணற்கடிகாரம். 'உன் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்பதைச் சொல்லாமல் சொல்கிற வேலை. என் மகன் பயந்து பாட்டியின் முந்தானைக்குள் போய்விட்டான். உள்ளே போனால் பயமெல்லாம் ஓடிவிடும். கவசச் சின்னங்களும், பூவேலையும், கொடி போல வளைந்த எழுத்துக்களுமாகப் பெரிய பெரிய பலகைக் கற்கள். 1600-களில் கடல் கடந்து வந்து இங்கேயே கண்மூடியவர்கள்.

இந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, 'பாவம், எங்கேயோ பிறந்து எங்கேயோ...' என்று உச்சுக் கொட்டிவிட்டு வந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறோம். ஆனால் கல்லறையே இல்லாத இன்னொரு கூட்டம் இந்த ஊர்க் கரையிலிருந்து போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் முக்கியமாக உங்களோடு பேச நினைத்தேன்.

கப்பலில் போனது துணி மட்டும் இல்லை. மனிதர்களும் போனார்கள். 1619-ல் டச்சுக்காரர்கள் பட்டேவியா நகரத்தை நிறுவினார்கள். இன்றைய ஜகார்த்தா. அங்கேயும் மற்றத் தீவுகளிலும் வேலைக்கு ஆள் வேண்டும். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக வாங்கப்பட்டார்கள். அந்த வியாபாரத்தில் பழவேற்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மழை பொய்த்தால் நெல் விலை ஏறும். மனிதன் விலை இறங்கும். பஞ்சத்தில் தன்னையே விற்றவர்கள் உண்டு. பெற்ற பிள்ளையை விற்றவர்களும் உண்டு.

கல்லறை நிழலில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: "அம்மாவே வித்துட்டாங்களாம்மா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாமியார்தான் சொன்னார். "எங்க பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பத்திச் சொல்லுவாங்கடா கண்ணு. அவங்களுக்கு அவங்க அம்மா சொன்னது. வீட்டுல ஒரு மணி அரிசி இருக்காது. புள்ளை அழக்கூடத் தெம்பில்லாம கிடக்கும். எங்கேயாவது போய் ஒருவேளைக் கஞ்சி குடிச்சுப் பொழைச்சுக்கட்டும்னுதான் பெத்தவ கையை விடுவா. காசுக்கு ஆசைப்பட்டு இல்லேடா."

தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை வந்தது. டச்சுக்காரர் காலத்துக்கு இருநூறு வருஷம் பிந்தியது. ஆனால் பசி ஒன்றுதானே! நான் மகளிடம் சொன்னேன்: "வித்தவங்களைக் கேக்காதேம்மா. ஒரு பக்கம் கிடங்கும் கப்பலும் காசும் வெச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் பசியில இருக்கறவங்ககிட்ட விலை பேசினாங்களே, அவங்களைக் கேளு." அவள் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று சில சகோதரிகள் நினைக்கலாம். ஐந்தாறு வயதுக்கு வேண்டாம். ஒன்பது, பத்து வயதானால் சொல்லலாம் என்பது என் எண்ணம். கோட்டை என்றால் ராஜா, ராணி, பீரங்கி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அந்த மதில் எதைக் காப்பதற்காக எழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

டச்சுக்காரர் மட்டுமா?

அவர்களுக்கு முன்னும் பின்னும் இந்த ஊர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. செம்புறைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளை விரலளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். கடல் வாணிபம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசல்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் சூரிய நிழலைக் கொண்டு நேரம் பார்க்கும் நிழல் கடிகாரம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா கோயில் உண்டு. மூன்று மதத்தார் கோயில்களும் நடந்து போகிற தூரத்தில்!

ஏரியோ கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஆந்திராவுக்கும் நமக்கும் பொது. அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும்.

நான் நின்று பார்த்தது வேறொரு காட்சி. இடுப்பளவு தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை, கைதான் வலை. மணிக்கணக்காக அப்படியே நிற்கிறார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிப் போனால், மீனும் இறாலும் உள்ளே வருவது குறைந்துவிடும். அன்றைக்கு இவர்கள் வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கும்.

ஊருக்குள் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். சாயம் போட்ட ஓலையைக் கலந்து கட்டம் கட்டமாக அவர்கள் பின்னுவதைப் பார்த்தால், அந்தக் காலத்துக் கைக்குட்டைதான் ஓலையாக மாறிவிட்டதோ என்று தோன்றியது. நான் வளையல் போட்டு வைக்க ஒரு பெட்டி வாங்கினேன். பேரம் பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள்.

போகிறவர்கள் கவனிக்க

படகு சவாரி விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அதன் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். கரையில் யாராவது வந்து கூப்பிட்டாலும், மிதவைச் சட்டை இல்லாமல் மீன்பிடிப் படகில் ஏறவே கூடாது. 'பக்கத்திலேதானே' என்று ஏறுவதுதான் ஆபத்து.

காலை ஏழு மணிக்குள் கிளம்பி, பதினொரு மணிக்குள் கோட்டை மேட்டையும் கல்லறையையும் பார்த்துவிடுங்கள். நிழல் குறைவு. குழந்தைகளுக்குத் தொப்பி, தலைக்குத் துண்டு அவசியம். புதரில் முள் அதிகம், பூச்சி பொட்டு இருக்கும். செருப்பைவிட மூடிய ஷூ நல்லது. கல்லறைக் கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கற்கள் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே தாராளமாக எடுத்துப் போங்கள். எலுமிச்சம்பழமும் உப்பும் சர்க்கரையும் கையில் இருந்தால், வாடிப்போன பிள்ளைக்குக் கலந்து கொடுக்கலாம். பகல் சாப்பாட்டுக்குப் புளியோதரை தாங்கும்; தேங்காய் சாதம் வெயிலில் ஊசிப்போகும்.

திரும்பும்போது இறால் வாங்கினால், உடம்பு விறைப்பாக, தலை கழன்று விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் வேண்டாம். நண்டு உயிரோடு, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். மூடியுள்ள தூக்கில் ஐஸ் போட்டு எடுத்து வந்தால்தான் ரயிலில் வீடு வரைக்கும் தாங்கும்.

செலவு என்று பார்த்தால் ரயில், பஸ் டிக்கெட்டும், பெட்டிக்குக் கொடுத்த காசும்தான். பார்க்க மதில் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய், அந்த மேட்டில் நிறுத்தி, துணி போன கதையையும் மனிதர்கள் போன கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.