வீரிய லேகியமும் சீட்டு மாத்திரையும்: வியாபாரிகள் அறிய வேண்டியவை



மளிகை வியாபாரிக்கும் ஆண்மைக் குறைவு மருந்துக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலுக்கும் தேன் பாட்டிலுக்கும் பக்கத்தில் "வீரிய விருத்தி" என்று அச்சிட்ட டப்பாக்கள் பல கடைகளில் இடம்பிடித்துவிட்டன. கொண்டுவருகிறவர்கள் நல்ல கமிஷன் சொல்கிறார்கள். விற்ற பிறகு பணம் கொடுத்தால் போதும் என்கிறார்கள். வாங்குகிறவரும் விலை பேசுவதில்லை, பில் கேட்பதில்லை; கூச்சத்தோடு பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். இதைவிடச் சுலபமான சரக்கு உண்டா என்று தோன்றும். இத்தனை சுலபமாக விற்கும் சரக்கு எது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நம் கடமை. இக்கட்டுரை அதற்காகவே.

குறை எங்கே இருக்கிறது?

நாம் பொதுவாக "ஆண்மைக் குறைவு" என்று சொல்வதை மருத்துவர்கள் விறைப்புக் குறைபாடு என்கிறார்கள். இது அபூர்வமான நோய் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு இக்குறை ஏதாவது ஓர் அளவில் இருப்பது தெரியவந்தது. ஆகவே இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. மனத்தில் எழும் உணர்ச்சி நரம்பு வழியாக இறங்கும்போது, அங்குள்ள இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இரத்தம் பாய்ந்து நிற்கிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை குழாய்களைக் கெடுக்கும்போது இந்த வேலையும் கெடுகிறது. மனக்கவலை, மிதமிஞ்சிய குடி, வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி உண்டு. இந்த உறுப்புக்குப் போகும் குழாய்கள் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு தொடங்கினால் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். ஆகவே பலருக்கு மார்வலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பாகவே இக்குறை தலைகாட்டுகிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே வேலை செய்யும் நாமும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குறையை லேகியத்தால் மூடி மறைத்துவிட்டு, சர்க்கரையும் இருதயமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

சில்டெனாஃபில் என்ற மருந்தை இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நெஞ்சுவலிக்காகத்தான் முதலில் சோதித்தார்கள். நெஞ்சுவலிக்கு அது பெரிதாக உதவவில்லை. சோதனையில் கலந்துகொண்ட ஆண்களிடம் வேறொரு பலன் தெரிந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதுதான் வயாக்ரா. தடாலாஃபில் என்பது பிறகு வந்த அதே இன மருந்து. அதன் பலன் 36 மணி நேரம் வரை நிற்கும்.

குழாயைத் தளர்த்துவதற்கு உடம்பே ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதைச் சிதைக்கும் ஒரு நொதியும் உடம்பில் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. தளர்த்தும் பொருள் கூடுதல் நேரம் தங்குகிறது. அவ்வளவுதான் வேலை. உணர்ச்சியே இல்லாதவருக்கு இது உணர்ச்சியைக் கொடுக்காது; மூல நோயையும் குணப்படுத்தாது. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவை சாதாரணமாக வரும் தொந்தரவுகள். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இருதய நோயாளிகள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் வகை மாத்திரையும் குழாயைத் தளர்த்துவதே. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி உயிரே போகலாம். அதனால்தான் இது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. சீட்டு எழுதும் முன் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "நெஞ்சுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்பதே.

மூலிகை என்ன செய்யும்?

அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி விதை, நெருஞ்சில், நிலப்பனைக் கிழங்கு, சாதிக்காய் ஆகியவை நம் நாட்டு மருந்துக் கடைகளில் தலைமுறைகளாக விற்றுவரும் சரக்குகள். இவற்றைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. தெரிந்த வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, மண்டலக் கணக்கில் கொடுப்பது அவற்றின் முறை.

ஆனால் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடையையும் சொல்ல வேண்டும். மனக்காரணத்தால் இக்குறை உள்ளவர்களுக்கு அமுக்கராவை 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு குஜராத்தில் ஜாம்நகர் ஆயுர்வேதப் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2011இல் வெளியானது. மருந்தில்லாத வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களைவிட அமுக்கரா சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கொரியாவில் புகழ்பெற்ற ஜின்செங் வேர் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2021இல் பார்த்தபோதும், விறைப்பு விஷயத்தில் அதன் பலன் மிகச் சொற்பமே என்று தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்க மரப்பட்டையிலிருந்து வரும் யோகிம்பின் ஓரளவு வேலை செய்தாலும் இரத்தக் கொதிப்பையும் படபடப்பையும் ஏற்றுகிறது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

இந்த இடத்தில் வியாபாரி ஒரு கணக்குப் போட வேண்டும். உண்மையான மூலிகை வேலை செய்தாலும் மெல்லத்தான் செய்யும். டப்பாவிலோ "அரை மணி நேரத்தில் பலன்" என்று போட்டிருக்கிறது. வாங்கியவரும் மறுவாரம் வந்து அதையே கேட்கிறார். அப்படியானால் உள்ளே இருப்பது மூலிகை மட்டும்தானா?

டப்பாவுக்குள் ஒளிந்திருப்பது

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை, உள்ளே மருந்து கலந்திருப்பதாகக் கண்டுபிடித்த துணை உணவுப் பொருள்கள் 776. அவற்றில் 353 ஆண்மை விருத்திக்கென்று விற்கப்பட்டவை. அதிகமாகக் கலந்திருந்தது சில்டெனாஃபில். 2022 ஜூலையில் அதே நிர்வாகம் நான்கு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் கம்பெனிகள் விற்ற சரக்கு தேன்! தேனுக்குள் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் இருந்தன. தேன் விற்காத மளிகைக் கடை உண்டா?

சிங்கப்பூரில் 2008இல் நடந்தது இன்னும் கொடுமை. அவ்வாண்டு ஜனவரி முதல் மே மாதம் வரை, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிய நிலையில் ஐந்து அரசு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். விசாரித்ததில், ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற போலி மாத்திரைகளிலும் "மூலிகை" கேப்ஸ்யூல்களிலும் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது. 7 பேருக்கு நினைவு திரும்பவில்லை. 4 பேர் இறந்தார்கள்.

சீட்டு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே இருக்கிறது; டாக்டர் கேள்வி கேட்டுக் கொடுக்கிறார். கலப்பட லேகியத்தில் அதே மருந்து அளவு தெரியாமல், பெயர் தெரியாமல், கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போகிறது. இருதய நோயாளி ஒருவர் "மாத்திரை ஆபத்து, மூலிகை நல்லது" என்று நினைத்து நம் கடைக்கு வருவார். அவர் பயந்து ஒதுக்கிய மாத்திரையையே நாம் டப்பாவில் போட்டுக் கொடுத்தவர்களாவோம். அவர் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி பருப்பு போவதும் நம் கடையிலிருந்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம். சில்டெனாஃபில் போன்ற மருந்தை உரிமம் இல்லாமல் விற்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிப்பதற்குத்தான் உரிமம் கட்டாயம். கடையில் வைத்து விற்க உரிமம் கேட்பதில்லை என்பதால்தான் இச்சரக்கு நம்மைத் தேடி வருகிறது.

இரண்டாவது, 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம். இன்ப சக்தியைப் பெருக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வது குற்றம். லேபிள், உறை, துண்டு நோட்டீஸ் எல்லாம் விளம்பரமே. கம்பெனிக்காரர் கொடுத்த அட்டையை நம் கடை வாசலில் தொங்கவிட்டால் நாமும் பங்குதாரர் ஆகிறோம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

மூன்றாவது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். தேன், சத்துமாவு, காப்பிப் பொடி என்று உணவாக வரும் சரக்குக்கு இது பொருந்தும். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர், அந்தச் சரக்குக்குத் தாமே பொறுப்பாளி. பில் இல்லாத சரக்கின் கமிஷன் எவ்வளவு ஆனால் என்ன?

நாம் செய்ய வேண்டியவை

1. அலமாரியில் இருக்கும் இவ்வகைச் சரக்கை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

2. "அரை மணியில் பலன்", "பக்க விளைவே இல்லை" என்று அச்சிட்டிருந்தால், மற்ற விவரங்கள் சரியாக இருந்தாலும் வேண்டாம். கலப்படத்தை முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும்.

3. பில் கொடுக்காதவரிடம் ஒரு டப்பாவும் வாங்காதீர்கள். சில்லறைக் கடைக்காரர் கேட்டாலும் மொத்த வியாபாரிகளாகிய நாம் இதை அனுப்பக்கூடாது.

4. தெரிந்தவருக்கு என்றாலும் மாத்திரை அட்டையைக் கல்லாவில் வைத்துக் கிழித்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

5. வாடிக்கையாளர் கேட்டால் சிரிக்காதீர்கள். நாலு பேர் நிற்கும்போது பதில் சொல்லாமல், தனியே அழைத்து, "அண்ணாச்சி, இது சர்க்கரை, பிரஷர், இருதயம் மூன்றையும் பார்க்க வேண்டிய விஷயம். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவரை அரசு சித்த மருத்துவப் பிரிவுக்கு அனுப்பலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இக்குறை நமக்கே இருந்து, கடைச் சரக்கிலேயே ஒரு டப்பாவை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் வந்தால், அதற்கு முன் ஒரு நாள் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு வாருங்கள். சரியான மாத்திரை வேண்டுமா, வாழ்க்கை முறையில் மாற்றம் போதுமா என்று டாக்டர் சொல்லட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்திக்கும்போது, யார் யார் அலமாரியைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்பேன்.